முகர்ந்து பார்க்காத குழி

"உரத் தயாரிப்பு மேற்பார்வையாளர்" என்று குத்தகைக்காரர் தாளில் எழுதிக் கொடுத்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. யுத்த காலம். படித்துவிட்டுச் சும்மா திரிந்தவனுக்கு மேற்பார்வை உத்தியோகம் கிடைப்பது லேசா? மறுநாள் காலை திருக்கோகர்ணம் தாண்டி, பொட்டலில் வெட்டியிருந்த குழிகளுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். காற்று என் பக்கம் திரும்பியது. காலையில் தின்ற பழைய சோறு அப்படியே செம்மண்ணில் வந்து விழுந்தது. தூ! இதற்குத்தானா இத்தனை பெரிய பெயர்?

விஷயம் இதுதான். வீடுகளின் எடுப்புக் கக்கூஸ்களிலிருந்து அள்ளி வரும் நரகலும் தெருக் குப்பையும் அதுவரை ஊருக்கு வெளியே கொட்டிக் கிடந்து நாறும். அதை அள்ளக் குத்தகை எடுத்திருந்தவர் எங்கிருந்தோ ஒரு புது முறையைக் கேட்டுக்கொண்டு வந்தார். இடுப்பளவு ஆழக் குழி. சருகும் குப்பையும் ஓர் அடுக்கு, அதன்மேல் நரகல் ஓர் அடுக்கு, மறுபடியும் குப்பை. நிறைந்ததும் மண் போட்டு மூடிவிட வேண்டும், கிளறக் கூடாது. உள்ளே தானாகவே சூடேறி, ஆறு மாதத்தில் எல்லாம் வெந்து, உதிரியாக, வாடையே இல்லாத எருவாகிவிடும். அதை வண்டி வண்டியாக விவசாயிகளுக்கு விற்கலாம்.

"அரிசிக்குப் பஞ்சம், மண்ணெண்ணெய்க்குப் பஞ்சம். இது ஒண்ணைத்தான்ப்பா ஊரு கொறையில்லாமக் குடுக்குது" என்று சொல்லிச் சிரிப்பார். சிரிக்கும்போது வெற்றிலை எச்சில் தெறிக்கும். எனக்கு அதுவும் குமட்டும்.

என் வேலை சின்ன வேலைதான். குழியைத் திறக்கும்போது நீளமான இரும்புக் கம்பியை உள்ளே செருகி, கொஞ்ச நேரம் கழித்து உருவி, சூடு இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். அப்புறம் ஒரு பிடி அள்ளி முகர வேண்டும். சூடும் நாற்றமும் இல்லை என்றால் ஒரு சீட்டில் அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். வண்டியோடு அந்தச் சீட்டும் போகும். இன்னதிலிருந்து வந்த எரு என்று தெரிந்து எவன் கிட்டே போவான்? படித்த ஒருவன் மோந்து பார்த்திருக்கிறான் என்கிற தைரியத்தில்தான் வாங்கினார்கள்.

நான் மோந்து பார்த்ததே இல்லை. இத்தனை வருஷம் கழித்து இதை எழுதுவதற்கே வெட்கமாக இருக்கிறது. கைக்குட்டையில் நீலகிரித் தைலம் நனைத்து மூக்கில் அழுத்திக்கொண்டு, காற்று வருகிற பக்கமாகப் போய் வரப்பில் நிற்பேன். மூச்சைப் பிடித்துக்கொண்டே சீட்டு எழுதுவேன். வீட்டுக்குப் போனால் என் மனைவி வாசலிலேயே நிறுத்தி, "அங்கிட்டே நில்லுங்க, தண்ணி ஊத்துறேன்" என்பாள். மூன்று தரம் சீயக்காய் தேய்த்துக் குளித்தாலும் சோற்றைப் பிசையும்போது விரலிலிருந்து வாடை அடிப்பது போலவே இருக்கும். பாதியில் எழுந்துவிடுவேன்.

குழியில் இறங்கி அடுக்குப் பரப்பியவள் ஒரு பெண். நாற்பது வயது இருக்கும். அவளைச் சாதியைச் சொல்லித்தான் கூப்பிடுவோம், அந்தச் சொல்லை இங்கே எழுத மனமில்லை. அதற்குமுன் பத்திருபது வருஷம் சந்து சந்தாகப் போய் அள்ளி, கூடையைத் தலையில் சுமந்தவள். மழைக்காலத்தில் அது கரைந்து முகத்தில் வழியுமாம். இங்கே கூடை இல்லை, வண்டியே குழி வரைக்கும் வந்துவிடும்.

"தலையில பாரம் இல்ல சாமி. அதுவே போதும்" என்பாள்.

குத்தகைக்காரர் அவளிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். "எரு வித்தா நீ இங்கிட்டே இருக்கலாம். விக்கலன்னா பழையபடி சந்துக்குத்தான்." அதனால் அவள் அந்தக் குழிகளைப் பிள்ளை மாதிரிப் பார்த்துக்கொண்டாள். ஈ மொய்த்தால் ஓடிப்போய் மண் போடுவாள். நான் கைக்குட்டையோடு தவிப்பதைப் பார்த்தால், "தள்ளி நில்லுங்க சாமி, ஒங்களுக்கு ஒத்துக்காது" என்பாள். அந்தக் கரிசனம்கூட எனக்கு அருவருப்பாகத்தான் இருந்தது. அவள் பேச்சு என் மேல் படுவதே பிடிக்காது.

சித்திரையில் மூடிய குழியை ஆடி கடைசியிலேயே திறக்கச் சொல்லிவிட்டார் குத்தகைக்காரர். நாற்று விடுகிற சமயம் கைநழுவிப் போகுமாம். அவள்தான் திறந்தாள். ஒரு பிடி அள்ளி மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனவள், முகம் மாறி என்னைப் பார்த்தாள்.

"இன்னும் வேகல சாமி. உள்ள சுடுது. ரெண்டு மாசம் போகட்டும்னு மொதலாளிகிட்டச் சொல்லுங்க."

அள்ளிய கையை என் பக்கம் நீட்டினாள். நான் ஓரடி பின்னால் போனேன்.

"ஏய், நீட்டாதே! எல்லாம் எனக்குத் தெரியும்" என்று எரிந்து விழுந்தேன். கம்பியை நான் தொடவே இல்லை. 'சூடு இல்லை, வாடை இல்லை' என்று எழுதிக் கையெழுத்தைக் கிறுக்கிவிட்டு ஓட்டமும் நடையுமாக வந்துவிட்டேன்.

அந்த எருவை ஆவூரிலிருந்து வந்த ஒரு குடியானவர் தம் மிளகாய் நாற்றங்காலுக்கு வாங்கிக்கொண்டு போனார். சில வாரம் கழித்துக் குழியடிக்குத் திரும்பி வந்தார். குத்தகைக்காரரும் நானும் அவளும் அங்கேயே இருந்தோம். அவர் சத்தம் போடவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து முடிச்சை அவிழ்த்தார். உள்ளே மண்ணும், கருகிச் சுருண்ட நாற்றுகளும்.

"தம்பி, சீட்டுல இருக்கிறது ஒங்க கையெழுத்துதானே? மாதாவே, ஒரு நாத்துகூட மிஞ்சலைங்க. மோந்து பாருங்க."

முகத்துக்கு நேராக நீட்டினார். கைக்குட்டையை எடுக்கக்கூட நேரமில்லை. பச்சை நாற்றம். முதல் தடவையாக என் உத்தியோகத்தைப் பார்த்தேன்.

குத்தகைக்காரர் சட்டென்று அவள் பக்கம் திரும்பினார். "தொறந்தவ நீதானே? வேகலன்னா வாயத் தொறந்து சொல்றதுக்கென்ன?"

அவள் என்னைப் பார்த்தாள். அவள் சொன்னாள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். என் உத்தியோகம் போயிருக்கும், அவ்வளவுதானே? சீ, என்ன ஜன்மம்! துண்டில் கிடந்த நாற்றுகளையே பார்த்துக்கொண்டு ஊமையாக நின்றேன். நரகலைக் கண்டு குமட்டிய எனக்கு அப்போது குமட்டவில்லை. இப்போதுதான் குமட்டுகிறது.

செய்தி ஆவூரிலிருந்து சுற்றுவட்டாரம் முழுக்கப் பரவியது. அதற்குப் பிறகு யாரும் வண்டி கட்டிக்கொண்டு வரவில்லை. குழிகளை மண் தள்ளி மூடினார்கள். எனக்கு வேறு இடத்தில் குமாஸ்தா வேலை கிடைத்தது, நாற்காலியோடு.

ஐப்பசியில் ஒருநாள் காலை, நல்ல மழை. பல் விளக்கக் கொல்லைப்புறம் போனேன். சந்துப் பக்கமாக இருந்த எங்கள் கக்கூஸின் தகரக் கதவைத் திறந்து யாரோ குனிந்து அள்ளிக்கொண்டிருந்தார்கள். நிமிர்ந்து கூடையைத் தலையில் ஏற்றியபோதுதான் முகம் தெரிந்தது. மழைத் தண்ணீர் கூடையிலிருந்து கலங்கலாக அவள் நெற்றியில் வழிந்தது. துடைக்க ஒரு கையும் காலியில்லை.

என்னை அடையாளம் கண்டுகொண்டாள்.

"தள்ளி நில்லுங்க சாமி, ஒங்களுக்கு ஒத்துக்காது" என்றாள்.

குத்திக்காட்டவில்லை. முன்பு சொன்ன அதே குரல். அதற்குள் என் கை மூக்குக்குப் போயிருந்தது.