ரப்பர் ஆசிட் ஊற்றிய பேட்டரி

இன்வெர்ட்டர் பேட்டரியின் மூடியைத் திறந்ததும் மூக்கில் ஏறிய ஆசிட் வாடையோடு, அருமனையில் இப்போது கல்யாண மண்டபம் நிற்கும் இடத்தில் இருந்த எங்கள் ரப்பர் ஷெட்டும் வந்துவிட்டது. விடியுமுன்னே அந்த இருட்டில், கறகறக்கும் ரோலரில் உறைந்த ரப்பர் பாலைக் கொடுத்து அம்மா ஷீட் அடிப்பாள். ஒருநாள் விரல் நசுங்கிவிட்டது. அவளுக்கு விளக்குப் போட்டுக்கொடுக்க, யாரோ தூக்கிப்போட்ட லாரி பேட்டரியைச் சுமந்துவந்த அப்பா, பாலை உறையவைக்கும் ஆசிட்டையே மழைத்தண்ணீரில் கலந்து அதில் ஊற்றினார்.

“ஆசிட்டுன்னா எல்லாம் ஒண்ணுதான, ஏட்டி?” என்றார்.

பல்பு எரியவில்லை. அம்மா சிரிக்காமல் சொன்னாள்: “உறையட்டும், விடிஞ்சு காலத்த பாக்கலாம்.”

காலையிலும் எரியவில்லை. அன்றுமுதல் அம்மா ஷீட் அடித்து முடிக்கும்வரை, தென்னோலைச் சூட்டுப் பந்தத்தைக் கொளுத்திப் பிடித்தபடி அப்பா பக்கத்திலேயே நின்றார்.