லைமன் கட்டிங் போட்ட ஓட்டு

எந்தப் பக்கமும் சேராமல் இருப்பதுதான் நேர்மை என்று நம்பி வாழ்கிற ஒருவரை அந்த நம்பிக்கை எதுவரை தாங்கும்?

லைமன் கட்டிங்குக்கு அமெரிக்காவின் வெர்மான்ட் மலையில் பால்பண்ணை. மார்ச் மாதம் ஆஷ்பரோ ஊர் கூடிச் செலவுகளை முடிவுசெய்யும் நாளில், நெடுங்காலமாக அவர்தான் சபைத் தலைவர். பெரிய அறிவாளி அல்ல, நகைச்சுவையும் கிடையாது. ஆனால் எவர் பேச்சையும் அவர் பாதியில் வெட்டியதில்லை, தன் கருத்தை ஒருமுறைகூடச் சொன்னதில்லை. சாலை செப்பனிடும் இயந்திரம் வாங்கும் தீர்மானத்தில் ஒருமுறை ஓட்டு சமமாக விழுந்தது. தலைவர் ஓட்டுப் போட்டிருந்தால் இயந்திரம் வந்திருக்கும். அவர் வாய் திறக்கவில்லை, தீர்மானம் விழுந்தது. அந்த வசந்தத்தில் சேற்றில் சிக்கிய வண்டிக்காரர்கள் எல்லோரும் அவரைத்தான் திட்டினார்கள். "தலைவருக்கு ஓட்டு இருக்குன்னுதான் சட்டம் சொல்லுது. போட்டே ஆகணும்னு சொல்லல" என்பார்.

இராக் போரின் நான்காம் ஆண்டு. லைமனின் ஒரே மகன் டேல் படைவீரனாக இராக்கின் ரமாதி நகரில் இருந்தான். போருக்கு ஒரு டாலர்கூட ஒதுக்கக் கூடாது என்று வாஷிங்டனுக்குச் சொல்லும் தீர்மானத்தை அந்த ஆண்டு சிலர் சபைக்குக் கொண்டு வந்தார்கள்.

கூட்டத்தன்று காலை, மனைவி ஐரீன் வேகவைத்த அவரைப் பானையைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"காசு போற வரைக்கும் அவன் வரமாட்டான், லைமன். குழாய மூடுனாத்தான் நிக்கும்."

"போன்ல என்ன சொன்னான்னு நீயும்தான கேட்ட. வண்டிக்குக் குண்டு தாங்குற இரும்புத் தகடு இன்னும் வரலையாம். குழாய மூடுனா அதுவும் வராது."

"அப்ப இன்னைக்கு எந்திரிச்சு அதச் சொல்லு. எனக்கு எதிராவே சொல்லு. உன் புள்ளைக்காக ஒரு வார்த்தையாவது பேசு."

"நான் தலைவர், ஐரீன்."

"ஆமா. மாட்டுக்கும் தலைவர், கொட்டகைக்கும் தலைவர்" என்று பானையைத் தூக்கிக்கொண்டு போனார்.

மண்டபம் நிரம்பி வழிந்தது. விவாதம் சீக்கிரமே அசிங்கமானது.

"தலைவரே, நம்ம பசங்கள நடுத்தெருவுல விடச் சொல்றாங்க இவங்க!" என்றான் ட்ராக்டர் கடை பட் ஆர்கட்.

"உன் பையன் எங்க இருக்கான் பட்? காலேஜ்லயா? குளிருக்கு இதமான எடமாப் பாத்துத்தான் விட்டிருக்க!" என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

மண்டபம் சிரித்தது. லைமன் சுத்தியலைத் தட்டினார். "தலைவரைப் பாத்துப் பேசுங்க."

அப்போது மரம் வெட்டும் ரோசேர் காஞ்ஞோன் எழுந்தார். போரில் இறந்த அவருடைய தங்கை மகனை ஜனவரியில்தான் புதைத்திருந்தார்கள். நிலம் உறைந்திருந்ததால் குழி தோண்ட இயந்திரம் கொண்டுவர வேண்டியிருந்தது. தொப்பியைக் கையில் பிசைந்தபடி ஒரு திருத்தம் சொன்னார். பசங்களைத் திரும்பக் கூட்டி வரவும், அதுவரை உயிரோடு வைத்திருக்கவும் வேண்டிய பணம் மட்டும் கொடுக்கலாம். ஒரு வருஷத்துக்குள் எல்லாரும் வந்துவிட வேண்டும்.

"இது எனக்கே பிடிக்கல, தலைவரே. யாருக்கும் பிடிக்காது. அதனாலதான் சொல்றேன்."

உண்மையிலேயே யாருக்கும் பிடிக்கவில்லை. போர் வேண்டும் என்றவர்கள் துரோகம் என்றார்கள். வேண்டாம் என்றவர்கள் கோழைத்தனம் என்றார்கள். இருந்தும், வாயால் 'வேண்டும்', 'வேண்டாம்' என்று சொல்லும் குரல் ஓட்டில் இரு பக்கச் சத்தமும் ஒன்றாகவே இருந்தது. எழுந்து நிற்கச் சொல்லி எண்ண வேண்டியதாயிற்று.

எண்ணுவதற்கு முன் சமையலறையைக் கூப்பிடுவது ஆஷ்பரோ வழக்கம். மதியச் சாப்பாடு செய்பவர்களின் ஓட்டு அடுப்படியிலேயே நின்றுவிடக் கூடாதல்லவா. பெண்கள் ஏப்ரனில் கை துடைத்தபடி வந்து வரிசைகளில் கலந்தார்கள். ஐரீன் மட்டும் வாசற்படியிலேயே நின்றார். திருத்தத்தை ஏற்பவர்களை எழச் சொல்லி எண்ணினார்கள்; பிறகு எதிர்ப்பவர்களை. ஊர் எழுத்தர் தெல்மா ஒரு தலை குறைவாக இருப்பதைக் கண்டாள்.

"ஐரீன், நீங்க நின்னுட்டேதான் இருக்கீங்க. எந்தப் பக்கம்னு எப்படி எழுதுறது?"

ஒரு சென்ட்கூடத் தரக் கூடாது என்று குளிர்காலம் முழுவதும் வீடு வீடாகச் சொல்லி வந்தவர் அவர்.

"தகடு வாங்கிக் குடுங்க, தலைவரே" என்றார், கணவரைப் பார்த்து. "தகட்டக் குடுத்துட்டு, அப்புறம் கூட்டிட்டு வாங்க. நான் ரோசேர் பக்கம்."

தெல்மா மறுபடி கூட்டிப் பார்த்துவிட்டு மேடைக்கு வந்து மெல்லச் சொன்னாள். "சமம்."

டேல் அடுத்த ஆண்டு திரும்பினான். ஒரு காது கேட்காது. கை நடுக்கத்தால் பால் கறக்கும் கருவியை மாட்டில் பொருத்த முடியாது. அன்று ஏன் அப்படிச் செய்தார் என்று அவனும் அப்பாவிடம் கேட்டுப் பார்த்தான். ஐரீன் கேட்டார், பிறகு கேட்பதை நிறுத்தினார். பேசுவதையும் வெகுவாகக் குறைத்துக்கொண்டார். லைமன் மீண்டும் தலைவர் நாற்காலியில் உட்காரவே இல்லை.

அன்று ஓட்டு சமமானதும் லைமன் சும்மா இருந்திருந்தாலே திருத்தம் விழுந்திருக்கும். சாலை இயந்திரம் விழுந்ததுபோல, யார் கையும் படாமல். மண்டபம் அதைத்தான் எதிர்பார்த்தது. ரோசேர் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார். லைமன் சுத்தியலைத் தெல்மாவிடம் கொடுத்தார், மேடையிலிருந்து இறங்கினார், வாசற்படியில் நின்ற மனைவிக்கு நேரே போய் நின்று, கடைசி வரிசைக்கும் கேட்கும்படி, "வேண்டாம்" என்று ஓட்டுப் போட்டார்.