மரியகுழந்தையின் மூன்று ஹாரன்

மைசூர் மைன்ஸ் பக்கமிருந்து ஃபாக்டரிக்குத் திரும்பும் முக்கில், தினமும் காலையில் மஞ்சள் லூனா மொபெட்டோடு ஒரு ஆள் நிற்கிறார், சிவப்பு விளக்கைத் தாண்டுகிறவர்களின் வண்டி நம்பரை நோட்டில் எழுதி மேலே கொடுக்கிறார் என்று என்னிடம் சொன்னவர்கள் மொத்தம் ஒன்பது பேர். ஒன்பது பேரும் சிவப்பைத் தாண்டுகிறவர்கள். மேலே என்றால் யாரிடம் என்று கேட்டேன். ஒன்பது பேரும் வானத்தைப் பார்த்தார்கள்.

இது 1999 ஆகஸ்டில். விளக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. பெங்களூர் கான்ட்ராக்டர் ஒருவர் கிளை ரோட்டைச் சதுரமாக அறுத்து, உள்ளே கம்பி வைத்து, தார் ஊற்றி மூடிவிட்டுப் போனார். பெரிய ரோட்டுக்கு எப்போதும் பச்சை. கிளை ரோட்டில் வண்டி வந்து நின்றால் கம்பிக்குத் தெரியுமாம், அப்போது இந்தப் பக்கம் பச்சை விழுமாம். கம்பிக்கு எந்த அளவு இரும்பு தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. அதோடு ஃபாக்டரி நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் ஒட்டினார்கள்: சிவப்பைத் தாண்டும் தொழிலாளிக்கு மெமோ. ஆகவே நோட்டோடு நிற்கும் ஆளைப் பார்த்து ஊர் பயந்ததில் தப்பில்லை.

நான் ஆறரைக்கே போய் பஸ் ஸ்டாப் மறைவில் நின்றேன். ஆறு முப்பத்தெட்டுக்கு லூனா வந்தது. ஐம்பது வயதைத் தாண்டிய மனிதர், இஸ்திரி போட்ட காக்கிச் சட்டை, கழுத்தில் சிலுவை. கோட்டுக்கு ஒரு விரற்கடை பின்னால் வண்டியை நிறுத்தினார். ஹாரனை மூன்று தடவை அடித்தார், எண்ணி எண்ணி. விளக்கைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்து எழுதினார்.

பின்னால் வந்த சுசுகி, டிவிஎஸ், சேட்டக் எல்லாரும் அவர் பக்கத்தில் வந்து வேகத்தைக் குறைத்தார்கள். காவல் தெய்வத்துக்குச் சூடம் காட்டுகிற மாதிரி அவர்களும் மூன்று ஹாரன் அடித்தார்கள், முகத்தைத் திருப்பிக்கொண்டு சிவப்பிலேயே போனார்கள். இவர் மட்டும் நின்றார்.

நான் மறைவிலிருந்து வந்தேன்.

"இன்னாண்ணா எழுதறீங்க?"

"டைம்."

"யாரு டைம்?"

"என் டைம் தான். ஊரான் டைம் எனக்கு எதுக்கு?"

"ஹாரன் யாருக்கு அடிக்கிறீங்க?"

"உள்ள கீறவனுக்கு."

"உள்ள யாரும் இல்லண்ணா. அது மெஷினு."

"மெஷினுக்குப் பின்னால ஆள் இல்லாம எங்கயாவது பாத்துகீறியா நீ?"

கம்பத்தடியில் பூட்டுப் போட்ட தகரப் பெட்டி ஒன்று இருந்தது. யாரும் பார்க்காதபோது காதை வைத்துக் கேட்டேன். உர்ர் என்றது. கோழி வேண்டுமானால் படுக்கலாம், ஆள் இருக்க முடியாது. ஆனாலும் பூட்டு ஏன் அவ்வளவு பெரிசு என்ற கேள்வி எனக்கு இன்னும் இருக்கிறது.

அவர் பெயர் மரியகுழந்தை. நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தில் இருபத்தாறு வருஷம் ஷாஃப்ட் குழி வாயில் பெல் அடித்தவர். ஆட்களைப் பூமிக்குள் இறக்கும் கூண்டு கேஜ். அதை இழுக்கும் எஞ்சின்காரர் தூரத்தில் ஒரு கொட்டகையில் இருப்பார், ஏறுகிற முகம் ஒன்றும் அவருக்குத் தெரியாது. பெல் சத்தம்தான் அவருக்குக் கண். மூன்று பெல் என்றால் ஆள் ஏறுகிறான். அதே மூன்றை எஞ்சின்காரர் திருப்பி அடிக்கவேண்டும். அந்தப் பதில் வராமல் கேஜ் ஒரு அங்குலம்கூட நகரக்கூடாது. இருபத்தாறு வருஷத்தில் ஒரு தரம்கூட நகர்ந்ததில்லை என்றார். நம்பாமல் நந்திதுர்க் ஆட்கள் மூன்று பேரைத் தனித்தனியாக விசாரித்தேன். நகர்ந்ததில்லை.

சுரங்கத்திலிருந்து விருப்ப ஓய்வு வாங்கிய பிறகு, ஃபாக்டரி டூல் ஸ்டோரில் ஒரு லேபர் கான்ட்ராக்டரிடம் வேலை. புது விளக்கைப் பார்த்த முதல் நாள் பழக்கதோஷத்தில் மூன்று ஹாரன் அடித்தார். பின்னால் அதே நேரம் ஒரு ஜீப் வந்து நின்றது. பச்சை விழுந்தது. பதில் வந்துவிட்டது என்று முடிவு கட்டிவிட்டார். பாதி ஊர் சுரங்கத்தில் வேலை பார்த்த ஊர். அதுவும் அப்படியே முடிவு கட்டியது.

வித்தியாசம் ஒன்றுதான். ஊர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை, இவர் காத்திருந்தார். ஏழு மணி ஷிஃப்டுக்கு அந்த மாதம் மூன்று நாள் லேட். நாலாவது லேட் விழுந்தால் பெயரை எடுத்துவிடுவது கான்ட்ராக்டர் சட்டம். அன்று தேதி பன்னிரண்டு.

கான்ட்ராக்டரின் டைம்கீப்பர் சுந்தரராஜைப் போய்ப் பார்த்தேன். அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார், நானும் அவரை அப்படியே பார்த்தேன்.

"அந்த ரோட்ல டெய்லி நாப்பது டூவீலர் வருது சார். ஒருத்தனும் லேட் இல்ல. இவருக்கு மட்டும் பச்சை உழலயாம். சிக்னலுக்கு இன்னா இவரு மேல கோவமா?"

"மத்தவங்கள கேட்டீங்களா?"

"கேட்டேனே. பச்சை டாண்ணு உழுதுன்னு எல்லாரும் சொல்றாங்க."

சொல்லாமல் என்ன செய்வார்கள்? சிவப்பு மாறவில்லை என்று சாட்சி சொன்னால், அப்புறம் நீ எப்படி வந்தாய் என்று அடுத்த கேள்வி வரும். அதற்கு நோட்டீஸ் போர்டில் பதில் இருக்கிறது.

"நீங்க எந்த வழியா வர்றீங்க?" என்று கேட்டேன்.

சுந்தரராஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் பஸ்ஸு."

அவருக்குப் பின்னால் ஆணியில் ஒரு ஹெல்மெட் தொங்கியது.

மறுநாள் மரியகுழந்தையிடம் நோட்டைக் கேட்டு வாங்கினேன். நம்பரும் இல்லை, பெயரும் இல்லை. தன் லேட்டுக்குக் காரணம் காட்ட அவர் எழுதிய நேரங்கள்தான். 6.38 வந்தேன், மூன்று அடித்தேன். 6.45 மூன்று அடித்தேன். 6.57 பால் வேன் பின்னால் வந்தது, பச்சை. இன்னொரு நாள் பஸ், பச்சை. இன்னொரு நாள் ஜீப், பச்சை. மிச்ச நாளெல்லாம் பால் வேன்; அது கொஞ்சம் பிந்திய மூன்று நாள்தான் லேட்.

"அண்ணா, உங்க ஹாரனுக்கு ஒரு நாளும் பச்சை உழல. பின்னால பெரிய வண்டி வந்தாத்தான் உழுது. லூனா இரும்பு அதுக்குப் பத்தல."

அவர் நோட்டை வாங்கி முதல் பக்கத்திலிருந்து படித்தார்.

"ஆள் கீறான்னு மூணு தபா சொல்றேன். அதுக்கப்புறமும் தெரிலன்னா அது இன்னா சிக்னலு?"

"தாண்டிப் போய்டுங்களேன். எல்லாரும் போறாங்க."

"போலாம். நாளைக்கு எவனோ பெரிய ரோட்ல பச்சைய நம்பி வருவான். அவனுக்கு யாரு சொல்றது?"

வேலை போய்விடுமே என்றேன். அது தெரியும் என்கிற மாதிரி லூனாவைத் துடைத்தார். வீட்டில் அவர் மனைவி ஐடாவுக்கும் தெரிந்திருந்தது. "ரோட்ல ஹாரன் அடிச்சி வேல போச்சுன்னு ஃபாதர்கிட்ட எப்டிச் சொல்றது" என்று என்னைக் கேட்டார், விளக்கை நான்தான் நட்டது மாதிரி.

மிச்சமிருந்தது பால் வேன். பூதிகோட்டையிலிருந்து வரும் கிருஷ்ணப்பாவின் வேன். ஆறு ஐம்பத்தேழுக்கு வருகிறவர் ஆறு நாற்பதுக்கு வந்தால் போதும். மரியகுழந்தை நேரே போய்க் கேட்டார், நான் பக்கத்தில் நின்றேன்.

"ஆய்த்து, நாளைலருந்து வர்றேன் விடுங்க" என்றார் கிருஷ்ணப்பா.

இவ்வளவு சுலபமாக ஒரு பால்காரர் சம்மதித்தால் யாருக்கும் சந்தேகம் வரும். பதினேழு நிமிஷம் முன்னால் கறக்க மாடு ஒத்துக்கொள்ளுமா, அந்தப் பதினேழு நிமிஷத்துக்குப் பதில் குழாய்த் தண்ணீரா என்று நாலு நாள் பாலை வாங்கிக் காய்ச்சிப் பார்த்தேன். ஆடை கனமாகத்தான் படிந்தது. ஐந்தாவது நாள் காரணம் தெரிந்தது.

"அண்ணா, ஒண்ணு கேப்பேன்" என்றார் கிருஷ்ணப்பா, வேன் ஜன்னல் வழியாக. "எங்கப்பா காலத்திலிருந்து உங்க மைன்ஸ் லைன் வீடுங்களுக்குப் பால் ஊத்தறோம். கீழ இன்னா கீதுன்னு ஒருத்தரும் காட்டல. கீழ சின்னமே இல்ல, சும்மா குழி தோண்டறாங்கன்னு எங்க ஊர்ல பேச்சு. ஒரே ஒரு தபா என்னை கேஜ்ல இறக்கி காட்டணும்."

சின்னம் என்றால் அவர் கன்னடத்தில் தங்கம்.

"காட்டறேன்" என்றார் மரியகுழந்தை. "நம்ம பசங்க தான் இப்பவும் பெல்லுல கீறாங்க."

அந்த மாதம் நாலாவது லேட் விழவில்லை. அடுத்த மாதமும் விழவில்லை. ஆறு நாற்பதுக்கு லூனா, அதன் பின்னால் பால் வேன், பச்சை. நாற்பது டூவீலர்களும் இப்போது வேனுக்குப் பின்னால் வரிசையாக, நல்ல பிள்ளைகளாக வருகிறார்கள். அவர்களில் ஹெல்மெட் போட்ட ஒருவரை எனக்குத் தெரியும். பெயர் சொல்லமாட்டேன், அவர் பஸ்ஸில் வருகிறவர்.

கிருஷ்ணப்பா மாதத்துக்கு ஒரு தரம் கேட்டார். மழை நிற்கட்டும் என்றார் மரியகுழந்தை. கிறிஸ்துமஸ் போகட்டும் என்றார். புது மேனேஜர் வந்திருக்கிறான் என்றார். 2001 பிப்ரவரி கடைசியில் சுரங்கத்தையே மூடிவிட்டார்கள். இனி யாரும் இறங்க முடியாது.

கீழே ஒன்றும் இல்லாததால்தான் மூடினார்கள், அதனால்தான் தனக்குக் காட்டவில்லை என்று கிருஷ்ணப்பா சொல்லிவருகிறார். ஆனாலும் வேன் இன்றைக்கும் ஆறு நாற்பதுக்கே வருகிறது. போன வாரம் சிக்னலில் மரியகுழந்தையிடம், கேஜில் இறக்குகிற வாக்கு என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"பர்மிஷன் கேட்டுகீறேன்" என்றார். யாரிடம் என்று கேட்பதற்குள் பச்சை விழுந்துவிட்டது, போய்விட்டார்.