இலவ மரத்தில் கட்டிய வலை

புளித்த மோரைத் தரையில் கொட்டிவிட்டுத் துடைக்காமல் போனால் ஒரு வாசம் வருமே... இலவம்பூ வாசம் அப்படித்தான் இருக்கும். தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் மூன்று இலவ மரங்கள். தை பிறந்தால் இலையெல்லாம் உதிர்த்துவிட்டு வெறும் பூவாக நிற்கும். விளக்கேற்றும் நேரத்தில் வாசம் உள்ளே வரும். மில் சங்கு ஊதும். பிறகு வௌவால்கள் வரும்.

போன வருஷம், யுத்தம் முடிந்து, துறைமுகப் பக்கம் ராணுவ லாரிகள் குறைந்துபோயிருந்த சமயம். மூச்சு இழுப்பால் நான் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றிருந்தேன். எழுந்து நின்று பாடம் வாசித்தால் நெஞ்சு விசில் அடிக்கும். வகுப்பே சிரிக்கும்... அதிலிருந்தே நாலு பேர் முன்னால் வாய் திறக்க எனக்குப் பயம். வீட்டில் நைனாவோடு உட்கார்ந்து பஞ்சிலிருந்து கொட்டையை நீக்குவேன், தலையணை உறையில் அடைப்பேன். அந்த மரங்களைக் குத்தகைக்கு எடுத்திருந்தார் நைனா. அந்தப் பஞ்சில்தான் எங்கள் வீட்டு உலை கொதித்தது.

காலையில் எழுந்தால் மரத்தடி முழுக்க உதிர்ந்த வெள்ளைப் பூ. அம்மா பெருக்கிக்கொண்டே திட்டுவாள். வௌவால் தின்று துப்பிவிட்டுப் போகிறதாம், ஒரு பூவைக்கூடத் தங்கவிடுவதில்லையாம். எல்லோரும் அப்படித்தான் நம்பினோம்.

அந்தத் தையில் எனக்கு இழுப்பு அதிகமாகிவிட்டது. படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்தே கிடந்தேன். பக்கத்து வீட்டுத் துரை அண்ணன் காசிமேட்டில் வலை இழுப்பவர். அவர் ஒரு நாள் நைனாவைத் தனியே கூப்பிட்டு ஏதோ சொன்னார். மறுநாள் பழைய மீன்வலை ஒன்றைக் கொண்டுவந்து மரத்துக்கு மரம் உயரமாகக் கட்டினார்கள்.

வலை, பூவைக் காப்பாற்ற என்றார்கள். அன்றிலிருந்து அம்மா கொடுத்த மிளகுக் குழம்பைக் காடைக்கறி என்றார்கள்.

இரண்டையும் நம்பினேன்.

ஒரு காலை, கொல்லையில் கவிழ்த்திருந்த கூடைக்குள் ஏதோ கீறும் சத்தம். காடையைப் பார்க்கும் ஆசையில் கூடையைத் தூக்கினேன்...

நாய்க்குட்டி முகம். பெரிய கண்கள். கறுப்புத் துணியைப் போர்த்தியதுபோல் மடித்த சிறகு. அந்தச் சிறகுக்குள் இன்னொரு முகம். குட்டி, தாயின் மார்பைக் கவ்விக்கொண்டு கிடந்தது. தாயின் மூக்கு, நெற்றியெல்லாம் மஞ்சள் பொடி.

பத்து நாளாக நான் சாப்பிட்டது என்னவென்று அப்போதுதான் தெரிந்தது. அம்மா பின்னால் வந்து நின்றாள்.

"எம்மா... இதுதான் காடையா?"

அவள் கூடையை வாங்கிக் கவிழ்த்தாள். "நீ மூச்சு வுட்டா போதும்டி எனுக்கு. பேர் இன்னாவா இருந்தா இன்னா?"

குரல் உடைந்திருந்தது. அன்று நான் குழம்பைத் தொடவில்லை. நைனா என் தட்டை ஓசையில்லாமல் எடுத்து ஓரமாக வைத்தார்.

கொஞ்ச நாளில் வௌவால்கள் வருவது நின்றுவிட்டது. ஆனால் காலையில் தரை முன்போலவே வெள்ளையாகத்தான் கிடந்தது. அம்மா பெருக்கினாள். யாரைத் திட்டுவதென்று தெரியவில்லை போலும்.

பங்குனி வந்தது. கொத்துக் கொத்தாகக் காய் தொங்கவேண்டிய கிளைகள் மொட்டையாக நின்றன. உச்சியில் எங்கோ நாலைந்து. நைனா கழுத்து வலிக்க வலிக்க மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணு பட்டுவிட்டது என்றார் ஒருவர். மில் புகை என்றார் இன்னொருவர்.

மறுநாள் விடிகாலையில் அம்மா கூரைமேல் படர்ந்த பூசணிக்கொடிக்கு வழக்கம்போல ஆண்பூவைப் பறித்துப் பெண்பூவில் ஒற்றிக்கொண்டிருந்தாள். அப்படி ஒற்றினால்தான் காய் பிடிக்கும் என்பாள். அவள் விரலெல்லாம் மஞ்சள் பொடி.

அந்த விரலைப் பார்த்ததும் எழுந்து அவளிடம் போனேன்.

"எம்மா... அந்த வௌவா மூஞ்சிலகூட இத்தே மாதிரிதான் இருந்திச்சு."

அம்மாவின் கை நடுவில் நின்றது. அவள் என்னைப் பார்த்தாள். பிறகு மரத்தைப் பார்த்தாள். பூவை மடியில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பஞ்சு இல்லாததால் நைனா துறைமுகத்துக்கு மூட்டை தூக்கப் போனார். வீட்டில் தூசி அடங்கியது. என் இழுப்பும் அடங்கியது! ஆனால் தெருவெல்லாம் வேறு பேச்சு. வௌவால் கறி தின்று குணமான பொண்ணு நான்தானாம். திருவொற்றியூர் வரைக்கும் வலை கட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டபோது, நான் நன்றாக மூச்சு விடுவதே குற்றம்போல இருந்தது.

போன வாரம் எண்ணூரிலிருந்து ஒரு அக்கா வந்தாள். இடுப்பில் பெண் குழந்தை, அதன் நெஞ்சில் அதே விசில்.

"இந்த வூட்டுப் பொண்ணுக்குத்தானே வௌவா கறில இழுப்பு நின்னுச்சு?"

கதவுக்குப் பின்னால்தான் நின்றிருந்தேன். எப்படி வெளியே வந்தேன் என்று தெரியவில்லை.

"இல்லக்கா. எங்க வூட்ல பஞ்சு நின்னுச்சு. அத்தாலதான்."

அவள் என்னைப் பொருட்படுத்தவில்லை. சின்னப் பெண் ஏதோ உளறுகிறாள் என்று நினைத்திருப்பாள். வலைக்காரர் துரை வீடு எது என்று அம்மாவிடம் கேட்டாள். பக்கத்து வீட்டுத் தாழ்வாரத்தில் துரை அண்ணன் இருமுவது எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

அம்மா குழந்தையின் நெஞ்சைத் தடவிக்கொடுத்தாள்.

"அந்த ஆளு இப்ப இங்க இல்லம்மா. நீ கொயந்தைய ஆசுபத்திரிக்கு இட்டுகினு போ. பக்கத்துலதான், நானும் வர்றேன்."

வலை அவிழ்த்த மரங்கள் இந்தத் தையிலும் பூத்திருக்கின்றன. அதே புளித்த வாசம், அதே மில் சங்கு. முன்பெல்லாம் சங்கு ஓய்ந்ததும் சிறகுச் சத்தம் கேட்கும்... இப்போது கேட்பதில்லை. அம்மா மட்டும் விளக்கேற்றியதும் கொல்லைக் கதவைச் சாத்தாமல் கொஞ்ச நேரம் நிற்கிறாள்.