இருபது டிகிரி ஊசி

அப்பாவின் முதலாம் ஆண்டு நினைவு மலருக்கு நாலு நல்ல வார்த்தை எழுதிக் கொடு என்று அண்ணன் கேட்டார். எழுதுகிறேன். ஆனால் அந்த மனிதர் என்னைப் படுத்திய பாட்டை எழுதாமல் நல்ல வார்த்தை எதுவும் வரமாட்டேன் என்கிறது. உறவினர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அப்பா பிரம்மதேசம் கிராமத்தில் பிறந்தவர். பயிர் பொய்த்த காலத்தில், மீசை முளைக்கும் வயதில், மரக்காணம் உப்பளத்துக்குக் கூலி வேலைக்கு வந்தார். பாத்தி மிதித்தார், உப்பு வாரினார், பிறகு சில பாத்திகளைக் குத்தகைக்கு எடுத்தார். யாரிடமும் கைநீட்டாமல் எங்கள் இருவரையும் படிக்க வைத்தார். அம்மா காலமான பிறகும் உப்பளத்தை விட்டு அசையவில்லை.

சுனாமிக்கு முந்தைய கோடையில் அவருடைய சர்க்கரை மாத்திரைக்கு அடங்காமல் போய், தினமும் காலைச் சாப்பாட்டுக்கு முன் இருபது யூனிட் ஊசி போடச் சொல்லிவிட்டார் டாக்டர். புதுச்சேரியில் என் வீட்டுக்கு வந்துவிடுங்கள் என்றேன். "உப்பு வார்ற நேரத்துல எவன் வருவான்? என் வயிறு, நானே குத்திக்கிறேன்" என்றார். ஒழுங்காகப் போட்டுக்கொண்டால் இங்கேயே இருக்கலாம், ஒரு தப்பு நடந்தாலும் மூட்டையைக் கட்டிவிடுவேன் என்று சொல்லி, நர்ஸம்மாவை வைத்துக் கற்றுக்கொடுத்தேன்.

கற்றுக்கொண்டாரா? ஐயோ! கையைக் கழுவச் சொன்னால், "உப்புத் தண்ணியிலயே ஊறுற கைம்மா" என்பார். இடம் மாற்றி மாற்றிக் குத்தச் சொன்னால், தொப்புளுக்கு வலப்பக்கமே குத்துவார், அங்கே பழகிவிட்டதாம். மருந்தைக் குளிர்ச்சியாக வைக்கச் சொன்னால், உப்பு ஜாடிக்குள் புதைத்து வைத்தார். "உப்புல வச்சது எதுனா கெட்டுப் போயிருக்குதா?" என்று என்னையே கேட்டார். மீன் கெடாது, மருந்து கெடும் என்று தலையில் அடித்துக்கொண்டு, புது மருந்து வாங்கி, ஈர மணல் போட்ட மண்பானையில் வைத்துவிட்டு வந்தேன்.

இதையெல்லாம்கூடப் பொறுத்தேன். அந்த 'டிகிரி'தான் என் உயிரை வாங்கியது. தண்ணீரில் உப்பு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று உப்பளத்தில் ஒரு கண்ணாடிக் குழாயை மிதக்கவிட்டுப் பார்ப்பார்கள். அந்தக் கணக்குக்கு டிகிரி என்று பெயர். ஊசியிலும் கோடு கோடாக இருந்ததால் அப்பாவுக்கு அதுவும் டிகிரிதான். தெருமுனை பூத்துக்கு நான் போன் போட்டால், "இருபது டிகிரி போட்டாச்சி" என்பார். "யூனிட்டுப்பா, யூனிட்டு!" என்று கத்துவேன். "இன்னாவோ ஒண்ணு" என்று போனை வைத்துவிடுவார்.

மறு கோடையில் ஒரு காலை, அப்பா பாத்தியில் விழுந்துவிட்டார் என்று பூத்காரர் போன் செய்தார். அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடினேன். ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடாமலே உப்பு வார இறங்கியிருக்கிறார். பக்கத்துப் பாத்தி லூர்து அக்கா, அவருக்கு வேர்த்துக் கொட்டி நாக்கு குழறுவதைப் பார்த்து, டீயில் சர்க்கரையை அள்ளிப் போட்டுக் குடிக்க வைத்திருந்தார். நான் போனபோது அப்பா கொட்டகையில் உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தார்.

"எவ்ளோப்பா போட்டீங்க?"

"இருபத்தஞ்சு டிகிரி."

"உங்களை யாரு ஏத்தச் சொன்னது?"

"டெஸ்ட்டுல சக்கரை எறங்கலன்னாங்க. இருபதுல இன்னாம்மா எறங்கும்? இருபத்தஞ்சு வந்தாதான உப்பே தண்ணியவுட்டு கீழ எறங்குது!"

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "டாக்டரைக் கேக்காம ஏத்தினா நீங்கதாம்பா குழியில எறங்குவீங்க!" என்று கத்திவிட்டு, அவர் துணிமணிகளை மூட்டை கட்டப் போனேன். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். வாழ்நாளில் யாரிடமும் கெஞ்சாதவர், "பாத்தியவுட்டுட்டு அங்க வந்து நான் இன்னாம்மா பண்ணுவேன்? இனிமே நீ சொல்றதுதான்" என்றார். எனக்கு மனசு கேட்கவில்லை. அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பினேன்.

அதன் பிறகு மாறினார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் கோட்டைப் பார்ப்பார். சாப்பாடு தயாராக இருந்தால்தான் ஊசியைத் தொடுவார். குத்திய ஊசிகளைத் தடித்த டப்பாவில் போட்டு இறுக மூடி, ஆஸ்பத்திரியில் கொடுத்துவிடுவார். அதை மட்டும் முதல் நாளிலிருந்தே ஒழுங்காகச் செய்தார். வெறுங்காலோடு ஜனங்கள் நடக்கிற இடமாம். அந்த அக்கறையில் கொஞ்சம் தன் உடம்பின் மேலும் வைத்திருக்கக் கூடாதா?

சென்ற ஆண்டு மழைக்கு முன் மாரடைப்பு வந்தது. அவரைச் சுமந்து வந்து வேனில் ஏற்றிய உப்பளத்துத் தோழர்களுக்கும், பொறுமையாகக் கற்றுக்கொடுத்த நர்ஸம்மாவுக்கும், ஒரு கோடை கூடுதலாக அவரை எங்களுக்குக் கொடுத்த லூர்து அக்காவுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது.

ஆஸ்பத்திரியில் காலை ஊசியோடு நர்ஸ் வந்தபோது, அப்பா வயிற்றைக் கையால் மூடிக்கொண்டார். எவ்வளவு என்று தெரியாமல் விடமாட்டார். கண் என்னைத் தேடியது. அவருக்குப் புரியட்டும் என்று காதருகே குனிந்து, "இருபது டிகிரிதாம்பா" என்றேன்.

அப்பா கையை எடுத்தார். "யூனிட்டும்மா" என்றார்.

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. கடைசியிலும் என்னை ஜெயிக்க விடவில்லை.