கூபிச்செக் வீட்டுப் புல்

ஆர்வின் கூபிச்செக்குக்குப் புல்லைக் கண்டால் ஆகாது. கணுக்காலுக்கு மேல் எது வளர்ந்தாலும் அவனுக்குக் கை நமநமவென்று அரிக்கும். தன் வீட்டு முற்றத்தை வெட்டி முடித்ததும் பக்கத்து வீடு, அது முடிந்ததும் தேவாலயம், அப்புறம் கல்லறைத் தோட்டம், சாலையோரம், பூட்டிக் கிடக்கும் பள்ளிக்கூடம் என்று போய்க்கொண்டே இருப்பான். யாரும் அவனைக் கேட்டுக்கொள்ள வேண்டியதில்லை. ஒரு முறை நான் என் தங்கை வீட்டில் ஒரு வாரம் இருந்துவிட்டு வந்து பார்த்தால், கொல்லையில் ஆசையாக வளர்த்த கீரைப் பாத்தியையும் சேர்த்து மொட்டையடித்திருக்கிறான்.

"களைன்னு நெனச்சேன் மார்லிஸ்."

"உன் மண்டையிலயும் நாலு நிக்குதே, அதையும் களைன்னு நெனச்சு வெட்டிக்கறதுதானே?"

ஆர்வினும் நானும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. இப்போது இருவருக்கும் எழுபது ஆகிறது. அவன் டிராக்டர் ஓட்டுகிறான், நான் ப்ளம் ஃபோர்க் ஊராட்சியில் குமாஸ்தாவாக இருக்கிறேன். ஊரில் மொத்தமே இருநூற்றுப் பதினோரு பேர். நெப்ராஸ்கா மாநிலத்தில் இதைவிடச் சின்ன ஊர்களும் உண்டு, ஆனால் அவற்றுக்கெல்லாம் மாநாடு கிடையாது.

மாநாடு எங்களுக்கு வந்தது ஆகஸ்டா மெர்ரில் அம்மையாரால். இங்கே வளர்ந்து, பதினேழு வயதில் ரயிலேறிக் கிழக்கே போய், பெரிய நாவலாசிரியை ஆகி, எங்களையெல்லாம் எழுதித் தீர்த்தவர். பெயர்களை மாற்றினாரே தவிர மூக்குகளை மாற்றவில்லை. அவருடைய பெரிய நாவலை உலகமே படித்திருக்கிறது. எங்கள் ஊரில் மட்டும் யாரும் முழுதாகப் படித்ததில்லை. அவரவர் குடும்பம் வரும் பக்கத்தைப் படித்துவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு மூடி வைத்துவிடுவோம். எங்கள் வீட்டுக்கு எண்பத்தேழாம் பக்கம். அடுத்தவர் கடிதத்தை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்கிற கிழவி ஒருத்தி வருவாள், அவள் என் அப்பாவின் அத்தை. அவள் அப்படிப் பார்த்தது உண்மைதான். அதற்காக அதை அச்சில் ஏற்ற வேண்டுமா?

கூபிச்செக் வீட்டுக்கு நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம். அதில் ஒரு சோம்பேறிக் குடியானவன். ஊரே கோதுமை அறுத்துக்கொண்டிருக்கும்போது அவன் வாசற்படி வரை காட்டுச் சூரியகாந்தியும் களையும் ஆளுயரம் நிற்கின்றன. பட்டப்பகலில் ஜன்னல் திரையை இழுத்து மூடிக்கொண்டு உள்ளே தூங்குகிறான். அவன் ஆர்வினின் தாத்தா மாத்யேய் என்பது புத்தகம் வந்த வாரமே ஊருக்குத் தெரிந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் நாங்கள் சும்மா விடுவோமா? "கூபிச்செக் வீட்டுக்கா போற? அரிவாளை எடுத்துக்கிட்டுப் போ!" என்று கத்துவோம். முதல் குரல் பெரும்பாலும் என்னுடையதாக இருக்கும். ஆர்வினின் அப்பா சாகும் வரை புல் வெட்டினார். அப்பாவுக்குப் பிறகு மகன் வெட்டுகிறான்.

ஆர்வினின் மனைவி லியோனா வெளியூர்க்காரி. அவள் நாவலை முழுதாகப் படித்ததற்கு அதுதான் காரணம். முப்பது வருடமாக மாநாட்டுச் செயலாளர் அவள்தான். செப்டம்பர் வந்தால் மெர்ரில் அம்மையாரை ஆராயும் நாற்பது ஐம்பது பேராசிரியர்கள் வந்து இறங்குவார்கள். அவர்களுக்குப் படுக்கை தேடுவது, தேவாலயத்து நிலவறையில் சாப்பாடு போடுவது, கால் சுளுக்கியவர்களை டாக்டரிடம் கூட்டிப்போவது எல்லாம் அவள் பொறுப்பு. சம்பளம் ஒரு பைசா கிடையாது. ஆனால் அந்த மூன்று நாளும் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும், கல்யாணப் பெண் மாதிரி இருப்பாள்.

அந்த வருடம் ஒரு குண்டு விழுந்தது. மாநாட்டை லிங்கன் நகரத்துப் பல்கலைக்கழகத்துக்கே மாற்றிவிடலாமா என்று அதை நடத்தும் சங்கத்தார் யோசிப்பதாகக் கடிதம் வந்தது. அங்கே லிஃப்ட் இருக்கிறது, காபியும் நன்றாக இருக்கும். மாநாட்டு இரண்டாம் நாள் மத்தியானம் எங்கள் நிலவறையிலேயே ஓட்டெடுப்பு. லியோனா கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, "விருந்தாளிங்க வர்றதுக்குள்ள ஊரு பளிச்சுனு இருக்கணும். குறை சொல்ல ஒரு இடம் இருக்கக் கூடாது," என்றாள். ஆர்வின் தொப்பியைச் சரிசெய்துகொண்டு கொட்டகைக்குப் போனான்.

வியாழக்கிழமை லியோனா விருந்தாளிகளைக் கூட்டிவர ஒமாஹா விமான நிலையத்துக்குப் போயிருந்தாள். நான் நிலவறையில் கொலாச்சிப் பன்களுக்குள் கசகசாப் பூரணம் வைத்துக்கொண்டிருந்தேன். நாலு மணிக்கு ஆர்வின் வந்தான். உடம்பெல்லாம் புல் தூசி, முகமெல்லாம் பல்.

"மார்லிஸ், ஒரு நிமிஷம் வந்து பாரேன். அசந்துடுவே."

அவனுடைய வண்டியில் ஏறி இரண்டு மைல் போனோம். எதிரே வந்த ஒவ்வொரு வண்டிக்கும் ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு விரலைத் தூக்கிக் காட்டிக்கொண்டே வந்தான். வண்டி நின்ற இடத்தைப் பார்த்ததும் நான் அவசரமாக இறங்கினேன்.

அது உழாத நாலு ஏக்கர். சுற்றுவட்டாரத்தில் கலப்பை படாமல் தப்பிய ஒரே துண்டு அதுதான். மெர்ரில் அம்மையார் காலத்துப் புல் அங்கேதான் அப்படியே நின்றது, செப்டம்பரில் தோள் உயரத்துக்குச் சிவந்து அலையடிக்கும். நாவலின் கடைசி அத்தியாயத்தில் அந்தப் பெண் நடந்துபோவது இந்தப் புல்லுக்குள்தான். அதைப் பார்க்கத்தான் இவர்கள் கடல் தாண்டி வருகிறார்கள். அந்த நிலத்தின் பழைய காவல்காரர் ஜூலையில் அரிசோனா போய்விட்டதால் கேட்டுச் சாவி ஆர்வின் கைக்கு வந்திருந்தது. குரங்கு கையில் பூமாலை.

இப்போது அது விரலளவு உயரத்தில், ஓரம் சீவி, வரி வரியாக, முடி திருத்தகத்திலிருந்து வந்த பையன் மாதிரி இருந்தது.

"எப்படி?" என்றான்.

"அடப்பாவி! எதை வெட்டியிருக்கேன்னு தெரியுதா?"

"புல்லு."

"டேய், அவங்க பாக்க வர்றதே அந்தப் புல்லைத்தான்டா! கடைசி அத்தியாயமே இதுதான்டா!"

"நான் நூத்திப் பன்னெண்டுக்கு மேல போனதில்லையே, மாநாட்டு பஸ்ஸுலயும் ஏறினதில்ல," என்றான். சொல்லச் சொல்லவே அவன் முகத்தில் ரத்தம் வற்றியது. "மறுபடி எப்ப வளரும்?"

"அடுத்த ஆகஸ்ட்ல."

"பஸ் எப்ப வருது?"

"நாளைக்குப் பத்து மணிக்கு."

அவன் குனிந்து வெட்டின புல்லில் ஒரு கைப்பிடி அள்ளி மண்ணில் ஊன்றிப் பார்த்தான். அது சாய்ந்துவிட்டது.

"லியோனாகிட்ட நீயே சொல்லிடு. நான் சொன்னா கோள் சொன்ன மாதிரி ஆகும்," என்றேன்.

சொல்லத்தான் பார்த்தான். ஆனால் எங்கள் ஆட்களுக்குக் கெட்ட சேதி நேராக வாயில் வராது. முதலில் மழையைப் பேச வேண்டும். இராச்சாப்பாட்டின்போது லியோனா பக்கத்தில் உட்கார்ந்து மழையைப் பேசினான். அப்புறம் சோளம், அப்புறம் பஸ்ஸின் டயர். விஷயத்துக்கு வருவதற்குள் அவளை யாரோ கூப்பிட்டுக்கொண்டு போய்விட்டார்கள். மூன்று முறை இதே கதை. மூன்றாம் முறை அவளே, "ஏம்ப்பா, இன்னிக்கு மழை மேல உனக்கு என்ன இவ்வளவு கரிசனம்?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

மறுநாள் நாற்பத்து மூன்று விருந்தாளிகளோடு லியோனாவும் ஆர்வினும் நானும் பஸ்ஸில் ஏறினோம். சங்கத் தலைவி க்வென்டலின் ஆஷ்ஃபீல்ட், பாஸ்டனிலிருந்து வந்த பேராசிரியை. எலும்பும் முத்துமாலையுமாக இருப்பார். வழியெல்லாம் மைக்கைப் பிடித்துக் கடைசி அத்தியாயத்தை வாசித்துக்கொண்டு வந்தார். 'புல் அவளைத் தனக்குள் எடுத்துக்கொண்டது' என்ற இடத்தில் பஸ் நின்றது. கதவு திறந்தது. ஜப்பானிலிருந்து வந்த ஒருவர் கைக்குட்டையைத் தயாராக வைத்துக்கொண்டு முதலில் இறங்கினார். இறங்கி, அந்தக் கைக்குட்டையை மெதுவாகப் பைக்குள் வைத்தார்.

லியோனா வேலிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டாள். முப்பது வருட உழைப்பு ஒரே பார்வையில் போனது அவள் முகத்தில் தெரிந்தது. எனக்குத் தாங்கவில்லை, அதனால் வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"மான் மேஞ்சிருக்கும். இந்த வருஷம் மான் ஜாஸ்தி."

தலைவி கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். "உங்க ஊரு மானு வரிசை பிடிச்சு, மூலையில திரும்பித் திரும்பி மேயுமா?"

அப்போது ஆர்வின் பஸ்ஸுக்குப் பின்னாலிருந்து வந்தான். தொப்பியைக் கழற்றினான். மழையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"நான்தாங்க வெட்டினேன். யாரும் சொல்லிச் செய்யல. லியோனாவுக்கு இது தெரியாது. ஓட்டுப் போடறப்ப அவளை இதுல சேக்காதீங்க."

"ஏன் வெட்டினீங்க?"

"நான் மாத்யேய் கூபிச்செக்கோட பேரன். நூத்திப் பன்னெண்டாம் பக்கம்."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. நாற்பத்து மூன்று புத்தகங்கள் ஒரே நேரத்தில் புரண்டன.

"களை மண்டின வீடு," என்றார் தலைவி மெதுவாக.

"ஆமாங்க. அது எழுதினதெல்லாம் நெசம். களை இருந்துச்சு, திரையும் மூடியிருந்துச்சு. ஆயிரத்து எண்ணூத்துத் தொண்ணூத்தாறு, ஆகஸ்ட் மாசம். தொண்டை அடைப்பான் வந்து ரெண்டு பிள்ளைங்களும் படுத்துடுச்சு, எங்க பாட்டியும் படுத்துட்டாங்க. வெளிச்சம் கண்ணுல பட்டா அதுங்க அழுவும்னு தாத்தா திரையை மூடிட்டாரு. ஒட்டிக்கிற நோவு, யாரும் வீட்டுப் பக்கம் வரல. ராப்பகலா அவரு ஒருத்தரே பாத்துக்கிட்டாரு. அஞ்சு நாள் இடைவெளியில ரெண்டும் போச்சு. பாட்டி மட்டும் பொழைச்சாங்க. எங்கப்பா அதுக்கப்புறம் பொறந்தவரு." தொப்பியைச் சுழற்றிக்கொண்டே பேசினான். "அந்தம்மா அப்ப பன்னெண்டு வயசுப் பொண்ணு. ரோட்டுல போகயில பாத்திருக்காங்க. ரோட்டுல இருந்து பாத்தா களைதான தெரியும்? அவங்க மேல கோவம் இல்லீங்க. ஆனா யாராச்சும் எங்க ஊருக்கு வர்றாங்கன்னா, கூபிச்செக் ஆளுங்க சோம்பேறி இல்லன்னு காட்டணும்னு கை பரபரங்குது. அதான்."

நான் பஸ் படியில் உட்கார்ந்தேன். கல்லறைத் தோட்டத்தில் அந்த இரண்டு சின்னக் கற்களை எழுபது வருடமாகப் பார்த்திருக்கிறேன். ஆன்யெஷ்கா, யோசெஃப். தேதியைக்கூடப் படித்திருக்கிறேன். அதையும் இந்தப் பக்கத்தையும் ஒரு நாளும் சேர்த்துப் பார்த்ததில்லை. அடுத்தவர் கடிதத்தையே வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிற வம்சத்தில் பிறந்து, இதைப் பார்க்கத் தவறிவிட்டேனே என்று வெட்கமாக இருந்தது.

தலைவி புத்தகத்தை மூடினார். "'சோம்பேறித்தனமும் மண்ணும்'னு தலைப்பு வச்சு இந்த ஒரு பக்கத்தைப் பத்தி நான் இருநூறு பக்கம் எழுதியிருக்கேன்."

"அப்ப எங்கப்பாவைவிட நீங்கதான் அதைப் பத்தி ஜாஸ்தி கவலைப்பட்டிருக்கீங்க," என்றான் ஆர்வின். அவன் கிண்டலாகச் சொல்லவில்லை, ஆனால் யாரோ சிரித்துவிட்டார்கள், தலைவியும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

லியோனா அவன் பக்கத்தில் போய் நின்றாள். "முப்பத்தாறு வருஷம் கூட வாழ்ந்தேன். எங்கிட்ட சொல்லணும்னு தோணலையா?"

"தோணுச்சு. மழையைப் பேசி முடிக்கறதுக்குள்ள நீ எந்திரிச்சுப் போயிடுவே."

பஸ் கல்லறைத் தோட்டத்துக்குத் திரும்பியது. நாற்பத்து மூன்று பேரும் அந்தக் கற்களைச் சுற்றி நின்றார்கள். அங்கே புல் எவ்வளவு ஒழுங்காக வெட்டப்பட்டிருந்தது என்பதை அன்றைக்குத்தான் நானும் கவனித்தேன்.

மறுநாள் ஓட்டெடுப்பு. லிங்கனுக்குப் போகலாம் என்று இரண்டே இரண்டு பேர் கை தூக்கினார்கள், அதில் ஒருவர் சொன்ன காரணம் நிலவறைக் கழிப்பறை. அவர் சொன்னதில் நியாயமும் இருந்தது. மாநாடு ப்ளம் ஃபோர்க்கிலேயே நடக்கும், ஆனால் நாலு ஏக்கர் சாவி இனி லியோனாவிடம்தான் இருக்கும் என்று தீர்மானம் போட்டார்கள். "டிராக்டர் சாவியும்," என்றாள் லியோனா. கைதட்டலில் கூரை அதிர்ந்தது.

அடுத்த கோடையில் நாவலின் புதிய பதிப்பு தபாலில் வந்தது. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில், தலைவி ஒரு குறிப்பு சேர்த்திருந்தார். அந்த வருடம், அந்த வீடு, அந்த நோய், இரண்டு பிள்ளைகளின் பெயர். ஆர்வின் தபாலாபீஸ் கவுன்டரில் நின்றபடியே நாலு வரியைக் கால் மணி நேரம் படித்தான். பிறகு புத்தகத்தைச் சட்டைக்குள் வைத்துப் பொத்தான் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

அதற்குப் பிறகு அவன் தன் வீட்டு முற்றத்தில் டிராக்டரை இறக்கவில்லை. லியோனாவிடம் சாவி வாங்கித் தேவாலயம் வெட்டினான், சாலையோரம் வெட்டினான், என் முற்றத்தையும் வெட்டினான். தன் வீட்டை மட்டும் விட்டுவிட்டான். ஆகஸ்ட் கடைசியில் வாசற்படி வரை காட்டுச் சூரியகாந்தி பூத்து நின்றது, லியோனா கதவைத் திறக்க ஒரு கையால் செடியை ஒதுக்க வேண்டியிருந்தது. ஊரில் முணுமுணுப்பு கிளம்பியது. ஓரடிக்கு மேல் புல் வளர்ந்தால் நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்பது ஊராட்சி விதி. இரண்டு பேர் எழுத்திலேயே புகார் கொடுத்துவிட்டார்கள், எனக்கு வேறு வழியில்லை. நானே டைப் அடித்து நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அவன் படியில் பூக்களுக்கு நடுவே உட்கார்ந்து அதை நிதானமாகப் படித்தான். அவன் அப்படிக் கையைச் சும்மா வைத்துக்கொண்டு உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

"எத்தனை நாள் அவகாசம் மார்லிஸ்?"

"பத்து நாள்."

"மாநாட்டு பஸ் இந்தப் பக்கம் எப்ப வருது? நூத்திப் பன்னெண்டாம் பக்கத்தை அவங்க நேர்ல பாக்கட்டும்."

"பன்னெண்டு நாள்ல."

அவன் என் முகத்தைப் பார்த்தான். நான் நோட்டீஸை அவன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு அலுவலகத்துக்குத் திரும்பினேன். அதைக் கிழித்துப் போட்டுவிட்டு, தேதியை மூன்று நாள் தள்ளி மறுபடி டைப் அடித்தேன். நாற்பது வருட உத்தியோகத்தில் நான் செய்த ஒரே பொய்க் காரியம் அதுதான். செய்துவிட்டு நன்றாகத் தூங்கினேன்.