நாலாவது பெயர்

நனைந்த புல்லின் வாசம்... சப்பாத்துக்குள் தண்ணீர் புகுந்து, நடக்க நடக்க வரும் 'சளக் சளக்' சத்தம்...

ஸ்கொட்லாந்துச் சனிக்கிழமைகளை நினைத்தால் எனக்கு முதலில் காலில்தான் குளிர் ஏறும். நான் இருக்கும் இத்தாலியின் பலேர்மோவில் இப்போது வெயில் மண்டையைப் பிளக்கிறது. ஆனாலும் ஏறுகிறது.

கோல்ஃப் விளையாடினோம் என்றால் சிரிப்பீர்கள். நாங்களே சிரித்தோம். சீலன், அன்ரன், மதி, நான். நாலு பேரும் பலேர்மோவில் வருடக்கணக்காகச் சிஞ்ஞோராக்களின், அதாவது வீட்டுக்கார அம்மாக்களின், வீடுகளைத் துடைத்து, இத்தாலிப் பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் கிளாஸ்கோவுக்குப் போனவர்கள். எல்லாருக்கும் ஒரே வேர்ஹவுஸில் வேலை. அவர்கள் குடும்பத்தோடு போனார்கள். நான் மட்டும் தனியாக... ஒரு வீடு பார்த்துவிட்டு மனைவி ரீற்றாவைக் கூப்பிடுவதாகத் திட்டம்.

யாரோ வேண்டாமென்று வைத்துவிட்டுப் போன ஒரு கோல்ஃப் பையை அன்ரன் தூக்கி வந்தான். அப்படித்தான் தொடங்கியது. பஸ்ஸில் நாற்பது நிமிடம் போனால் எல்லாரும் விளையாடக்கூடிய ஒரு சின்ன மைதானம். கோல்ஃப் ஸ்டிக் எங்களுக்கு 'மட்டை'. பந்து விழும் குழி 'கிடங்கு'. "டேய், இப்ப எத்தினையாம் கிடங்கிலை நிக்கிறம்?" என்று மதி கத்தினால் முன்னால் போகிற வெள்ளைக்காரர் திரும்பிப் பார்ப்பார்.

முதல் நாள் சீலன் அடித்த பந்து புல்லோடு உருண்டு எங்கோ ஓடியது. அதே நேரம் பின்னால் இருந்து ஒருவர் தொண்டை கிழிய "ஃபோர்!" என்று கத்தினார். சீலன் கிரிக்கெட் பைத்தியம். தன்னுடைய அடியைத்தான் பாராட்டுகிறார் என்று நினைத்து, அம்பயர் மாதிரி கையைப் பக்கவாட்டில் ஆட்டி பவுண்டரி காட்டினான். நாங்கள் கைதட்டினோம்.

அடுத்த நொடி ஒரு பந்து வந்து அவன் காலடியில் 'பொத்'தென்று விழுந்தது.

அந்த மனிதர் ஓடி வந்து மன்னிப்புக் கேட்டார். கோல்ஃபில் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் நாலு ஓட்டம் இல்லையாம்... 'பந்து வருகிறது, தலையைக் குனி' என்று அர்த்தமாம். அன்றிலிருந்து வேர்ஹவுஸில் சூப்பர்வைசர் வந்தாலும் எங்களுக்கு அது "ஃபோர்"தான்.

அன்றைக்கே மழையும் வந்தது. மழை என்றால் மேட்ச் நிற்கும் என்று பழகியவர்கள் நாங்கள். பையைத் தூக்கிக்கொண்டு மரத்தடிக்கு ஓடினோம். கவுண்டரில் இருக்கும் கிழவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

பின்னேரம் ரீற்றாவுக்கு போனில் சொன்னேன். "இஞ்சை மழைக்கெல்லாம் ஒருத்தரும் விளையாட்டை நிப்பாட்டிறேல்லை. இனி நாங்களும் நிப்பாட்டமாட்டம்."

"காய்ச்சல் வந்தா அங்கை ஆர் உங்களைப் பாக்கிறது? முதல்லை தலையைத் துடையுங்கோ," என்றாள்.

காய்ச்சல் எனக்கு வரவில்லை. பலேர்மோக் கரையோரம் மொண்டெல்லோவில், தான் வேலை செய்த சிஞ்ஞோரா வீட்டுக் குசினியில் அவள்தான் மயங்கி விழுந்தாள். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது என்றார்கள். அன்றைக்கு ஒருவரும் எனக்கு "ஃபோர்" என்று கத்தவில்லை.

கிளாஸ்கோ எயார்போர்ட்டில் அன்ரனிடம் சொன்னேன். "ரெண்டு கிழமையிலை வந்திடுவன். சனிக்கிழமை புக்கிங்கிலை என்ரை பெயரை எடுத்துப்போடாதை."

நாலு வருடமாகிவிட்டது.

செவ்வாய், வியாழன், சனி ரீற்றாவுக்கு டயாலிசிஸ். நாங்கள் இருக்கும் பிரான்காச்சோவிலிருந்து ஆஸ்பத்திரிக்கு இரண்டு பஸ் மாறிப் போகவேண்டும். அவள் நாலு மணித்தியாலம் படுத்திருப்பாள். நான் பக்கத்துக் கதிரையில். மற்ற நாட்களில் அவள் துடைத்த வீட்டை நான் துடைக்கிறேன். பிரிட்டனில் இருக்கத் தந்த அனுமதியும் நான் இல்லாத காலத்தில் காலாவதியாகிவிட்டது.

ஆனால் அன்ரன் என் பெயரை எடுக்கவில்லை. ஒவ்வொரு கிழமையும் நாலு பேருக்குப் புக் பண்ணி, சனிக்கிழமை காலை அந்த ஸ்கிரீன்ஷொட்டை எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் போடுவான். நாலு பெயர். விளையாடுவது மூன்று பேர். "நாலாவது ஆள் எங்கே?" என்று கிழவர் கேட்பாராம். "வழியிலை வாறார்" என்று அன்ரன் சொல்வானாம்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்... அந்தப் பெயர் அங்கே இருக்கும்வரை நான் எப்படியாவது திரும்பிப் போவேன் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அவளையும் கூட்டிக்கொண்டு.

மெஷினில் படுத்தபடி ரீற்றா கேட்பாள். "இண்டைக்கு ஆர் வெண்டது?"

"சீலன்."

"பொய். அவருக்குப் பந்து தேடவே நேரம் காணாது."

அந்த நாலு மணித்தியாலத்தில் அவள் சிரிப்பது அப்போது மட்டும்தான்.

போன சனிக்கிழமை வந்த ஸ்கிரீன்ஷொட்டில் அன்ரன், சீலன், மதி. நாலாவதாக, யூட். யார் அந்த யூட் என்று எனக்குத் தெரியாது.

பின்னாலேயே சீலனின் குரல் மெசேஜ் வந்தது. "மச்சான், குறை நினைக்காதை. வேலைக்குப் புதுசா வந்த ஆள், தனிய நிக்கிறார். நீ வந்தா உன்ரை இடம் உனக்குத்தான்."

அந்த மைதானத்தில் ஐந்து பேரைச் சேர்ந்து ஆட விடமாட்டார்கள். அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பதிலுக்குக் கட்டைவிரல் படம் ஒன்றைப் போட்டுவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தேன். அவர்களில் எனக்குக் கோபமில்லை. நாலு வருடம் ஒருத்தன் வழியில் வந்துகொண்டே இருக்க முடியுமா?

டயாலிசிஸ் அறையின் ஜன்னலுக்கு வெளியே நாப்போலிக் கப்பல் துறைமுகத்தை விட்டுப் போய்க்கொண்டிருந்தது.

"இண்டைக்கு ஆர் வெண்டது?"

"இண்டைக்கு விளையாடேல்லையாம்... சரியான மழையாம்."

ரீற்றா கவிழ்ந்து கிடந்த போனைப் பார்த்தாள்.

"அங்கை மழைக்கு ஒருத்தரும் நிப்பாட்டிறேல்லை எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?"

நான் போனை எடுத்துச் சட்டைப்பைக்குள் வைத்தேன்.

"உங்கடை பெயரை எடுத்திட்டினமோ?"

"ஓம்."

ஊசி ஏற்றாத கையால் என் கையைப் பிடித்தாள். மெஷினில் இன்னும் இரண்டு மணித்தியாலம் மிச்சம் இருந்தது.

அப்போதெல்லாம் சனிக்கிழமை எப்போது வரும் என்று கிழமை முழுக்கக் காத்திருப்பேன்... இந்தக் கிழமை வெள்ளிக்கிழமை பின்னேரமே குரூப்பின் சத்தத்தை நிறுத்தி வைத்துவிட்டேன்.